கயிற்றில் வந்த பம்பாய்

உனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாய். கையில் கயிறு பிடித்துச் சந்தைக்குள் கால் வைத்த எவனுக்கும் தெரியும், வாங்க வந்தவன் ஒரு உருப்படியைப் பார்த்துக் காறித் துப்பினால் அவனுக்கு வேண்டியது அந்த உருப்படிதான் என்று. பல் சொத்தை என்றால் பல் பிடித்திருக்கிறது. சுழி சரியில்லை என்றால் வீட்டில் கட்டுத்தறியைக் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கிறான். 'இந்தச் சனியனை அக்கட்டால ஓட்டு' என்றால், கயிற்றை என் கையில் கொடு என்று அர்த்தம். இந்தப் பாஷை தெரியாதவன் ஊர்களை ஓட்டிக்கொண்டு திரிய முடியாது. ஆகவே, கொளிஞ்சிப்பாளையத்து மாட்டுத் தரகன் சென்னியப்பன் பம்பாயைத் திட்டியதையெல்லாம் நிஜமென்று நம்பிவிட்டேன் என்று நீ சொன்னால், அதைக் கேட்டுத் தலையாட்ட இங்கே ஆள் கிடையாது. பாவாயி என்கிற பெண்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நீ செய்த காரியத்துக்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை.

மாசி மாதம், வியாழச் சந்தை கலைந்து, விலை போகாத மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆட்கள் கிளம்புகிற நேரத்தில், தோளில் ஒரு காலிச் சாக்கும் கையில் ஒரு தாம்புக் கயிறுமாக நீ வந்தாய். கயிற்றின் மறுமுனை முருங்கைத் தோப்புக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. புளிய மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சென்னியப்பன்தான் முதலில் கேட்டான்.

"என்னப்பா கொண்டாந்திருக்கிற, காளையா, எருமையா?"

"ஊருங்க."

"எந்த ஊரு?"

"மெட்ராஸுங்க. நடந்து நடந்து களைச்சுப் போச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாள் கட்டி வெக்க எடம் வேணுமுங்க."

சென்னியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தென்னை மரங்களுக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷனின் சிவப்பு மணிக்கூண்டு மெல்ல அசைபோட்டபடி நின்றிருந்தது. அவன் ஆச்சரியப்படவில்லை. ஒன்பது வயதில் அப்பனும் ஆத்தாளும் ஒரே வாரத்தில் போய்விட, சந்தையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வண்டிக்கு அடியில் படுத்து, முதல் பேரத்திலேயே மூன்று பேரிடம் ஏமாந்து, ஏமாந்த ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம் கற்று மேலே வந்தவன் அவன். ரெட்டைத் தலைக் கன்றையும் பார்த்திருக்கிறான், கள்ளுக் குடித்தால் மட்டும் வண்டி இழுக்கிற குதிரையையும் பார்த்திருக்கிறான். கயிற்றில் ஒரு பொருள் வந்தால் அவனுக்கு எழுகிற கேள்வி ஒன்றுதான்.

"வாடகை யாரு யாருக்குக் குடுக்கறது?"

"நீங்கதானுங்க குடுக்கோணும். பணம் வேண்டாமுங்க. தூக்கம் குடுத்தாப் போதும்."

பெரிய ஊர்கள் கண்ணை மூடுவதே இல்லை, அதனால் உடம்பு கெட்டுப்போகிறது, கொளிஞ்சிப்பாளையம் மாதிரி ஏழரை மணிக்கு விளக்கணைத்துப் படுத்துவிடுகிற ஊர்களில் தூக்கம் மிச்சமாகக் கிடக்கிறது, அதை வீட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று வாங்கி இதுகளுக்குப் போடுகிறேன் என்று நீ விளக்கம் சொன்னாய். சென்னியப்பன் பாதியிலேயே துண்டை எடுத்து உன் கை மேல் போட்டுவிட்டான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவது இந்தப் பக்கத்துச் சந்தைகளின் வழக்கம். வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும், விலையைக் கைதான் பேசும், சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ வீட்டுக்கு மூன்று மணி நேரம் என்று மூன்று விரலைக் கொடுத்தாய். அவன் ஒரு விரலைப் பிடித்து அழுத்திக்கொண்டு, வாயால் மெட்ராஸைத் திட்ட ஆரம்பித்தான்.

"வேர்த்து வடியற ஜாதி. குடிக்கத் தண்ணி கெடையாது. நெத்தியில பாரு, வட்டமா ஒரு ரவுண்டானா சுழி, இது கட்டற வூட்டுக்கு ஆகுமா?"

ஒரு மணி நேரத்தில் பேரம் படிந்தது. சனிக்கிழமை காலையில் சந்தைத் திடலின் நடுவில் முளைக்குச்சி அடித்து நீ மெட்ராஸைக் கட்டினாய்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மகா நகரம் கொளிஞ்சிப்பாளையத்துக்கு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனது, கொளிஞ்சிப்பாளையமும் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு, திடலில் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி, எந்த ஊர் வந்தாலும் அதன் வாசலில் ஒரு பூசணிக்காய் உடைத்துக் கண்ணேறு கழித்துவிட்டுத்தான் ஜனங்களை உள்ளே விடுவார். லண்டன் பாலத்தின் காலடியில் அவர் உடைத்த பூசணிக்காயின் குங்குமத்தைத் துடைக்க அந்த ஊர்ப் போலீஸ்காரன் ஒருத்தன் குனிந்தபோது, 'தொடாதீங்க, ஆகாது' என்று அவனை அதட்டினார். பெண்கள் தூக்குப்போசியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய், வெயில் தாழ்ந்ததும் மாட்டுக்குப் பால் கறக்கத் திரும்பி வந்தார்கள். டெல்லி வந்தபோது ஆட்டுக்காரி பெருமாத்தாளின் பட்டாளத்து மகன், அந்த ஊரோடு சேர்ந்து வந்தவன், சீருடையோடு வீட்டுக்கு நடந்து வந்து களியும் கீரையும் தின்றுவிட்டு, ஞாயிறு சாயங்காலம் டெல்லியோடு போனான். ஊர் வந்தால் ஊரில் உள்ள மனுஷர்களும் கூடவே வருவார்கள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கையில் நீ சாக்கை விரித்துக்கொண்டு தெருத்தெருவாக வருவாய். ஜனங்கள் வாசலில் நின்று, பேசின கணக்குத் தூக்கத்தைச் சாக்குக்குள் ஒரு கொட்டாவியாக விடுவார்கள். கைக்குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் விலக்கு உண்டு. அந்தத் திங்கட்கிழமை ஊரே கண் சிவந்து திரியும், டீக்கடை குஞ்சப்பனுக்கு இரண்டு கேன் பால் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். கோயமுத்தூர் போகிற பஸ் காலியாக ஓடியது. பழனிக்குப் போகிறவர்கள்கூடக் குறைந்து போனார்கள். 'வாசலுக்கே வர்றப்ப எதுக்குப் போகோணும்?' என்பது ஊரின் பேச்சாகிவிட்டது.

எந்த ஊரைக் கூப்பிடுவது என்று புதன்கிழமை காலையில் குஞ்சப்பன் கடையில் கூட்டம் கூடும்.

"இந்தத் தடவை மதுரைங்க. பக்கத்து ஊரு, வாடகையும் கம்மியா இருக்கும்," என்பான் குஞ்சப்பன்.

"மதுரையே தூங்காத ஊருன்னு பேரு வாங்கினது. அது கேக்கற தூக்கத்துக்கு உன்ற கடையவே எழுதி வெக்கோணும்," என்பார் டெய்லர் கமருதீன் பாய். "ரங்கூன் கேளுங்க சென்னியப்பண்ணே. எங்க வாப்பா கட வெச்சிருந்த தெரு எப்படி இருக்குன்னு ஒருக்கா பாத்துக்கறேன்."

"பாத்து? வாடகைப் பாக்கி வாங்கிட்டு வரப் போறீங்களா?" என்பான் சென்னியப்பன்.

"உங்க வாய்க்குத்தான் ஊருங்க எறங்கி வருது."

அந்தச் சொல் சென்னியப்பனுக்கு வெல்லம். பெரிய உடம்பு என்று மணிக்கணக்கை விட்டு வீட்டுக்கு மூன்று ராத்திரி கேட்ட கல்கத்தாவை, 'வெளியில பாக்கத்தான் எலும்பு கனம், உள்ள ஈரம் புடிச்சுக் கெடக்கு, ட்ராம் வண்டி மணியடிச்சே உசுரு போகும்' என்று ஒன்றரை ராத்திரிக்குக் குறைத்தவன் அவன். நாலு வீதிக்காரர்களின் தூக்கத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் என்று அவனுக்கு எதிரே வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். யாராவது ஒருத்தன், போனால் போகிறது, கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டால் மட்டும் அவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறும். கேட்ட விலையைக் கொடுப்பதைவிடப் பெரிய அவமானம் ஒன்று இருப்பதாக அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மெட்ராஸ் முதன்முதலாக வந்துபோன அன்றைக்கே சென்னியப்பன் பெண்டாட்டி பாவாயி கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, பம்பாய் வருமுங்களா?"

அவன் சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். முப்பது வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டதெல்லாம் அந்த ஊர் ஒன்றுதான். பம்பாயில் அவள் தம்பி மயில்சாமி இருந்தான். பத்தொன்பது வயதில் மச்சானோடு சந்தைக்குப் போய்க் கயிறு பிடித்துக்கொண்டிருந்தவன். ஒரு வியாழக்கிழமை, தாராபுரத்துக்காரர் ஒருவரிடம் சென்னியப்பன் ஒரு காளையை 'நாலு பல்லு' என்று வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில், 'எட்டுப் பல்லும் முளைச்சுக் கடை சேர்ந்து மூணு வருசமாச்சே மச்சான்' என்று அந்த வெள்ளந்தி வாயைத் திறந்துவிட்டான். அத்தனை பேருக்கு நடுவில் சென்னியப்பன் துண்டை முறுக்கி அவன் முகத்தில் அடித்தான். மயில்சாமி கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நடந்தான், நடந்தவன் பம்பாய்க்குப் போனான் என்று ஒரே ஒரு தபால் கார்டில் பிறகு தெரிந்தது: நல்லா இருக்கேன் அக்கா, கடலோரத்துல இட்லி சுமந்து விக்கறேன். விலாசம் கிடையாது. பாவாயி ரயிலில் போய்த் தேடலாம் என்று சொன்ன போதெல்லாம் ஏதாவது ஒரு சந்தை குறுக்கே வந்தது.

"வரும். நான் பாத்துக்கறேன்," என்றான் சென்னியப்பன். "ஆனா நீ வாயத் தொறக்காத. உனக்கு அது வேணுமுன்னு அவனுக்குத் தெரிஞ்சா, ஏத்திருவான்."

அடுத்த வியாழன் அவன் உன்னிடம் எட்டு ஊர்களின் பெயரைக் கேட்டு, ஒன்பதாவதாக, கொட்டாவி விட்டுக்கொண்டே, 'பம்பாய்ன்னு ஒண்ணு இருக்குமே, அதெல்லாம் என்ன கேப்ப?' என்றான். துண்டுக்குள் நீ ஏழு விரல் கொடுத்தாய். வீட்டுக்கு ஏழு ராத்திரி. அவன் கையை உதறிக்கொண்டு சிரித்தான்.

"அந்த மீன் நாத்தம் புடிச்சதுக்கா? ஓட்டீட்டுப் போயி வேற எவன் தலையிலாச்சும் கட்டு. நீ லண்டனக் கொண்டா."

இப்படியே ஒரு வருஷம் போனது. அவன் ஒவ்வொரு தடவையும் வேண்டாத ஒரு ஊரை முன்னால் நிறுத்தினான், வேண்டிய ஊரைப் பின்னால் தள்ளிப் பழித்தான், நீயும் வேண்டாத ஊரையே கொண்டுவந்து கட்டினாய். விலை மட்டும் இறங்கியது. ஆடியில் ஆறு, ஐப்பசியில் ஐந்து, தை பிறந்ததும் நான்கு. ஊர் வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் பாவாயி சேலையை மாற்றிக்கொண்டு திடலுக்கு வந்து, நின்றிருக்கும் ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அது பம்பாய் இல்லை என்று கண்டதும் வேலியோரம் புல் அறுக்கப் போய்விடுவாள். இஸ்தான்புல் நிற்கிறது, அவள் புல் அறுக்கிறாள். கல்கத்தா நிற்கிறது, அவள் புல் அறுக்கிறாள்.

ஊர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு புதன்கிழமை கமருதீன் பாயும் குஞ்சப்பனும் பெருமாத்தாளும் சேர்ந்து சென்னியப்பன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"ஏழு ராத்திரியாவே இருக்கட்டும், அண்ணே," என்றார் பாய். "நாங்க பேசிட்டோம். எல்லா வூட்லயும் சரின்னுட்டாங்க. ஒரு வாரம் முழிச்சிருந்தா நாங்க என்ன செத்தா போயிருவோம்?"

"என்ற பையனை நான் பாத்தேன்," என்றாள் பெருமாத்தாள். "பாவாயி அவ தம்பியப் பாக்க வேண்டாமா?"

சென்னியப்பனுக்கு முகம் கறுத்தது. "நாலுக்கு எறங்கி வந்திருக்கறத மறுக்கா ஏழுக்குத் தூக்கி உடச் சொல்றீங்களா? தரகு பண்றது நானா நீங்களா? தையல் மிஷினுக்கு எண்ணெ போடுங்க பாய், போங்க!" என்று கத்தி, அவர்கள் குடித்த மோர்ச் சொம்பை வாசலில் வீசினான். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. பாவாயி போய் எடுத்து வந்தாள், கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைத்துவைக்க வேண்டியதில்லை. பம்பாய் வந்தால் மயில்சாமி வருவான். மயில்சாமி வந்தால் சென்னியப்பன் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், துண்டால் அடித்த அந்த முகத்தை. நான்கு விரல் மூன்றாகட்டும், மூன்று இரண்டாகட்டும் என்று அவன் தள்ளிப்போட்டதில் பேரம் பாதிதான். மீதிப் பாதி என்ன என்பது அவனுக்கே தெரியாதபடி அவன் நெஞ்சுக்குள் துண்டு மூடிக் கிடந்தது.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெயில் உச்சிக்கு வந்த நேரம், நீ பம்பாயையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாய். கட்டுவதற்கு இல்லை, காட்டுவதற்கு. 'பாத்துட்டுப் பேசுங்க' என்றாய். கயிறு உன் கையிலேயே இருந்தது. முளைக்குச்சியில் சுற்றவில்லை. அதை ஊரே கவனித்தது, சென்னியப்பன் கவனிக்கவில்லை.

மற்ற ஊர்கள் மாதிரி இல்லாமல் கடலோடு வந்திருந்தது அது. திடலின் கிழக்கு ஓரம் முழுக்க அலை அடித்தது. அதற்குப் பின்னால் மாடிக்கு மேல் மாடியாக, ஜன்னலுக்கு ஜன்னல் துணி உலர, ரயில்கள் மூச்சு விடுவது மாதிரி உள்ளே போய் வெளியே வர, கொளிஞ்சிப்பாளையத்தைத் தன் அத்தனை ஜன்னல்களாலும் பார்த்தபடி அது நின்றது. பள்ளிக்கூடத்து மதில் மேல் ஏறி நின்ற ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாவாயி புல்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"திரும்பு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் சென்னியப்பன். "அங்க பாக்காத. உன்ற மூஞ்சியப் பாத்தா அவன் பத்து கேப்பான். அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

அவள் திரும்பினாள். மாட்டு ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து, முதுகைப் பம்பாய்க்குக் காட்டி நின்றாள். சுவரில் கோமாரித் தடுப்பூசி போடுங்கள் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள், அதைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து உப்புக் காற்று அவள் சேலையை இழுத்தது. அவள் வாழ்நாளில் கடலை மோந்தது அதுதான் முதல் தடவை.

துண்டுக்குள் நீ மூன்று விரல் கொடுத்தாய். சென்னியப்பன் ஒன்றைப் பிடித்தான், வாயைத் திறந்தான்.

"இதா பம்பாயி? இதுக்கா இவ்வளவு பேச்சு? உப்புப் பூத்துப் போன தோலு. நிக்கத் தெரியாது, படுக்கத் தெரியாது, கூளத்தத் தின்னுட்டுக் குடிசையா கழியற சாதி. போனவனை எல்லாம் முழுங்கி ஏப்பம் விட்ட வாயி."

முன்வரிசைக் கட்டிடங்களில் ஒரு ஜன்னல் மூடியது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"அக்கா! பாவாயக்கா!"

மதிலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அலையின் ஓரத்தில், தலையில் இட்லி அண்டாவோடு, நரைத்த மீசையும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒருத்தன் நின்றிருந்தான். கட்டாத ஊரிலிருந்து இறங்க முடியாது போலிருக்கிறது, இறங்கப் பார்த்தான், கால் மண்ணில் ஊன்றவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டான்.

"அக்கோவ்! நாந்தான், மயிலு! இங்க பாரக்கா!"

பாவாயியின் தோள் இரண்டும் மேலே ஏறின. அவள் பம்பாயைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். கண்ணால் கேட்டாள். சென்னியப்பனுக்கும் அந்தக் குரல் தெரிந்தது. இதே திடலில் ஒரு காளையின் வயதை உள்ளது உள்ளபடி சொன்ன குரல். அப்போது அவன் ஒரு தலையசைப்பைக் கொடுத்திருக்கலாம். துண்டுக்குள் விலை இரண்டு விரலுக்கு வந்திருந்தது, அதற்கு மேல் ஒரு விரல்தான் பாக்கி. அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். பாவாயி மறுபடியும் சுவரைப் பார்த்தாள். ஒரு அலை வந்து அவள் குதிகாலை நனைத்துவிட்டுப் போனது. அவள் திரும்பவில்லை.

"இதைக் கட்டற எடத்துல புல்லு மொளைக்காது," என்றான் சென்னியப்பன், இன்னும் சத்தமாக. "சும்மா குடுத்தாலும் வேண்டாம் இது!"

ஜன்னல்கள் வரிசையாக மூடின. பத்து, நூறு, ஆயிரம். மழை தூரத்திலிருந்து நெருங்கி வருவது மாதிரி ஒரு சத்தம். அதற்குள் 'அக்கா' என்கிற சத்தம் மூன்றாவது தடவையும் கேட்டது, அதன் பிறகு கேட்கவில்லை.

"சரிங்க, ஒண்ணு," என்றாய் நீ. "பேரம் படிஞ்சுதுங்க."

சென்னியப்பன் துண்டை உருவி ஒரு உதறு உதறித் தோளில் போட்டான். ஏழிலிருந்து ஒன்று. அந்த ஜில்லாவில் எந்தத் தரகனும் படிய வைக்காத பேரம்.

"ஆனா உருப்படி வரமாட்டேங்குதுங்க," என்றாய்.

கயிறு உன் கையில் இறுகியது, உன்னையும் இழுத்துக்கொண்டு போனது. அவன் நிமிர்ந்தபோது கிழக்கே முருங்கைத் தோப்பும் அதற்கு மேலே வெறும் வானமும்தான் இருந்தன. திடலில் ஈர மணல் கொஞ்சம் கிடந்தது. மதிலில் இருந்து ஒருத்தரும் இறங்கவில்லை.

பாவாயி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அலைச் சத்தம் நின்றுவிட்டதை அவள் கேட்டிருக்க வேண்டும். திரும்பாமலேயே கேட்டாள்.

"வெல நல்லா படிஞ்சுதுங்களா?"

அதற்குப் பிறகு எந்த ஊரும் வரவில்லை, நீயும் வரவில்லை. கோயமுத்தூர் பஸ்ஸில் மறுபடி கூட்டம் ஏறியது. லீவு விட்டால் ஜனங்கள் வால்பாறைக்கும் ஊட்டிக்கும் போனார்கள், வந்தார்கள், எவ்வளவு செலவு என்று பேசிக்கொண்டார்கள். சென்னியப்பனை யாரும் குறை சொல்லவில்லை. குஞ்சப்பன் டீயை அவன் முன்னால் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வான், அவ்வளவுதான். ஊர் அவனிடம் பேசாமல் இல்லை, அவனைக் கொண்டு எதையும் பேசி முடிக்க வரவில்லை. கமருதீன் பாய் ஒரு கறவை வாங்கியபோது, சொன்ன விலையைக் கொடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

சித்திரையில் சென்னியப்பன் ஈரோட்டில் இரண்டு ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். பாவாயி பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கூப்புட்டப்பத் திரும்பாதவ இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க போறது? நீங்க போங்க."

அவன் தனியாகப் போனான். இருபத்தேழு நாள் கடலோரம் கடலோரமாக நடந்து, இட்லி அண்டா சுமக்கிற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, தெரிந்த ஒரே பாஷையில் கேட்டான். கடைசியில், விடியற்காலையில் நாற்பது பேருக்கு இட்லி அவித்துக் கொடுத்து அனுப்புகிற ஒரு திருநெல்வேலிக்காரம்மா அவனை உட்காரச் சொன்னாள்.

"மயில்சாமியா? நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

"மச்சானுங்க."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு அண்டா நெறைய இட்லியோட அப்படியே திரும்பி வந்தான். ஒண்ணுகூட விக்கல. 'இந்த ஊரு எங்க ஊருக்குப் போச்சும்மா, எங்கக்கா நின்னுட்டிருந்துச்சு, மூணு தடவ கூப்பிட்டேன், முதுகக் காட்டிட்டு நின்னுச்சு'ன்னான். 'நான் வந்துட்டது அதுக்கு இன்னும் ஆறல போல'ன்னான். அழல. மறுநா வேலைக்கு வரல. இந்த ஊருக்குள்ளதான் எங்கயாவது இருப்பான். ஆனா இதுக்குள்ள ஒருத்தன் ஒளிஞ்சுக்கிட்டா, தேடுததுக்கு உங்களுக்கு ஒரு ஆயுசு பத்தாது, அய்யா."

அவள் இலையில் வைத்த இட்லியில் கை வைக்காமல் எழுந்து, திரும்பி நடக்கையில் அந்த ஊரைப் பார்த்தான். எந்த ஜன்னலும் அவனைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, நடந்ததைப் பாவாயியிடம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அவன் அப்படி எதையாவது சொன்னது அதுவே முதல் தடவை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவன் வரோணுமுன்னு இல்லீங்க," என்றாள். "எனக்குக் காது கேட்டுச்சுன்னு அவனுக்குச் சொல்லோணும். அது ஒண்ணுதான். கோவத்துல நிக்கலீன்னு சொல்லோணும்."

சென்னியப்பன் ஒவ்வொரு வியாழனும் சந்தைத் திடலின் கிழக்கு ஓரத்துக்குப் போய் நிற்கிறான். பம்பாய் மாதிரி ஊர் உண்டா என்கிறான். என்ன நடை, என்ன உயரம், வந்தவனுக்கெல்லாம் சோறு போடுகிற மடி என்கிறான். மற்ற தரகர்கள் சிரிக்கிறார்கள். வாங்க நினைக்கிற உருப்படியை வாய்விட்டுப் புகழ்கிறவனை அவர்கள் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. அவனுக்குக் கோபம் வருகிறது, கை துண்டுக்குப் போகிறது, பிறகு கீழே இறங்கிவிடுகிறது.

இப்போது உன்னிடம்தான் கேட்கிறது. அவன் செய்தது அவன் தலையில் கிடக்கட்டும், அதை அவன் சுமக்கிறான். ஆனால் அந்தத் திட்டெல்லாம் சந்தைப் பேச்சு என்று பம்பாயிடம் எடுத்துச் சொல்ல அங்கே இருந்த ஆள் நீ ஒருத்தன்தான். ஜன்னல்கள் மூட ஆரம்பித்தபோது, அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்து, 'இவன் உன்னை வாங்கத்தான் இப்படிப் பேசுகிறான்' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும். சொல்லாமல் விரலை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஏழு ராத்திரி கேள், எழுபது கேள், கமருதீன் பாயும் குஞ்சப்பனும் பெருமாத்தாளும் வாசலில் நின்று கொடுப்பார்கள், சென்னியப்பன் வாய் திறக்க மாட்டான். பாவாயிக்கு இப்போது ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது, இன்னொன்றில் விழுவதற்குள் வந்தால் நல்லது. மயில்சாமி அந்த ஊரின் எந்தச் சந்தில் ஒதுங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஊர் முழுசாக வந்து நின்றால் போதும், அவள் குரல் எட்டிவிடும். அன்றைக்கு அதனிடம் சொல்லியிருக்க வேண்டியதை, இன்றைக்காவது போய்ச் சொல். சொல்லி, ஓட்டிக்கொண்டு வந்து, இந்தத் தடவை கட்டு.